கெக்ஸுக்கு ஒன்வேயா, ரிட்டர்னா?

மக்களே, பெங்களூரு வந்து செட்டிலானதிலிருந்து என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி ஆபீஸ் ஆணிகளைப் பற்றியதல்ல. "நாயை எப்படிங்க ஃப்ளைட்ல கொண்டு வந்தீங்க?" என்பதுதான். லண்டன், நியூஜெர்சி, மியூனிக் என்று மூட்டை கட்டிக்கொண்டிருக்கும் நண்பர்கள் பாதிப் பேர் வீட்டில் வாலாட்டும் ஜீவன் ஒன்று இருக்கிறது. ஆளாளுக்குத் தனித்தனியாகச் சொல்வதைவிட மொத்தமாகச் சொல்லிவிடுகிறேன்.

நம்ம ஹீரோ பெயர் கெக்ஸ். ஜெர்மனில் பிஸ்கட் என்று அர்த்தம், மகள் வைத்த பெயர். 2021 டிசம்பரில் பிறந்த லாப்ரடார் கலப்பு. ஃபிராங்க்ஃபர்ட் பக்கம் ஒரு காப்பகத்திலிருந்து ஒன்பது வாரக் குட்டியாக வந்தான். அவன் வந்த மூன்றாம் வாரம் நாங்கள் ஊர் திரும்புவது முடிவானது. சேலத்திலிருந்து அப்பா போனில் கேட்டார்: "ஏம்ப்பா, ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறைன்னு நம்ம ஊர்ல இல்லாத நாயா?" நியாயமான கேள்விதான். ராஜபாளையத்துக்கு 2005-ல் தபால் தலையே போட்டார்கள். ஆனால் ஏழு வயது மகளிடம் தபால் தலை வாதம் எடுபடவில்லை :)

முதலில் சட்டம். நாயை நினைத்தபடி இந்தியாவுக்குள் கொண்டு வர முடியாது. வியாபாரத்துக்காக நாய் இறக்குமதி செய்வதற்கு 2016-ல் தடை வந்தது. அதற்கு முன்பே, 2013-ல், சுங்கத் துறையும் விதியை இறுக்கியிருந்தது. லக்கேஜோடு வளர்ப்புப் பிராணி கொண்டு வரும் சலுகை, வெளிநாட்டில் தொடர்ந்து இரண்டு வருடமாவது இருந்துவிட்டு ஜாகை மாற்றி வருகிறவர்களுக்கு மட்டும்தான். அதுவும் அதிகபட்சம் இரண்டு. மற்றவர்கள் டிஜிஎஃப்டி உரிமத்துக்கு அலைய வேண்டும். அதாவது, நாய்க்கு இடம் கிடைக்க வேண்டுமென்றால் நாம் திரும்பி வருகிறோம் என்று காகிதத்தில் காட்ட வேண்டும். நாங்கள் ஜெர்மனியில் முகவரிப் பதிவை ரத்து செய்த சான்றிதழைக்கூட வைத்தோம்.

இறங்கும் ஊரும் நம் இஷ்டமில்லை. பிராணிகளைப் பரிசோதிக்கும் மத்திய அரசின் ஏக்யூசிஎஸ் நிலையம் இருக்கும் ஊராக இருக்க வேண்டும். நாங்கள் வந்தபோது அவை டெல்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை, பெங்களூரு, ஹைதராபாத். கோயம்புத்தூர், திருச்சி ஆட்கள் நேரே வீட்டுப் பக்கம் இறங்கலாம் என்று கனவு காணாதீர்கள். அந்த நிலையத்திலிருந்து தடையில்லாச் சான்றிதழை முன்கூட்டியே வாங்கிவிட வேண்டும்.

அடுத்தது வயது. முதலில் பதினைந்து இலக்க மைக்ரோசிப். அதற்குப் பிறகுதான் ரேபிஸ் ஊசி. பன்னிரண்டு வாரத்துக்கு முன் ஊசி போட்டால் ஐரோப்பியக் கணக்கில் செல்லாது. ஊசி போட்டு ஒரு மாதம் தாண்டினால்தான் இந்தியா ஏற்கும். ஆக, நாலு மாதத்துக்குக் குறைந்த குட்டிக்கு டிக்கெட் பார்க்கவே வேண்டாம். குட்டியோ வாரா வாரம் வளரும். கூண்டுக்குள் நிற்கவும், திரும்பவும், படுக்கவும் இடம் வேண்டும். ஆகவே இன்றைய நாயை அளக்காதீர்கள், பயண நாளன்று அவன் இருக்கப்போகும் அளவை மனதில் வைத்து வாங்குங்கள். மயக்க மருந்து கொடுத்துக் கூட்டிப்போனால் விமான நிறுவனம் ஏற்காது. நாங்கள் இரண்டு மாதம் அவனுக்குச் சாப்பாடே கூண்டுக்குள்தான் வைத்தோம்.

இதெல்லாம் அலைச்சல், அவ்வளவுதான். உண்மையான சிக்கல் டாக்டரம்மா சாதாரணமாகக் கேட்ட ஒரு கேள்வியில் வந்தது. "இவன் ஜெர்மனிக்குத் திரும்பி வருவானா?"

நானும் தங்கமணியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம்.

விஷயம் இதுதான். ரேபிஸ் கணக்கில் ஐரோப்பிய ஒன்றியம் நம்பும் நாடுகளின் பட்டியலில் இந்தியா இல்லை. இங்கிருந்து நாயை அங்கே கொண்டு போக ரத்தப் பரிசோதனை வேண்டும். ஊசி போட்டு முப்பது நாள் கழித்து ரத்தம் எடுத்து, எதிர்ப்புச் சக்தி 0.5 அலகாவது இருக்க வேண்டும். அந்தப் பரிசோதனையை இந்தியாவில் செய்தால் அதன் பிறகு மூன்று மாதம் காத்திருப்பு. கிளம்பும் முன்பே ஜெர்மனியில் செய்து நாயின் பாஸ்போர்ட்டில் ஏற்றிவிட்டால் காத்திருக்க வேண்டாம். ஊசியை இடைவெளி விடாமல் போட்டு வந்தால் அந்த முடிவு தொடர்ந்து செல்லும்.

அன்று ராத்திரி தங்கமணி கேட்டாள்: "மாமாகிட்ட நிரந்தரமா வர்றோம்னு சொல்லியாச்சு. உங்க ஆபீஸ்ல ரெண்டு வருஷம் பார்க்கறேன்னு சொல்லியிருக்கீங்க. நாய்கிட்ட என்ன சொல்லப்போறீங்க?"

என்னிடம் பதில் இல்லை. எழுபத்தெட்டு வயது அப்பா ஒரு பக்கம். மகளின் பள்ளி, ஆறு வருடம் பழகிய ஊர் ஒரு பக்கம். ஒரு பக்கம் இந்திய அரசிடம் 'வந்துவிட்டேன்' என்று காகிதம் கொடுத்துவிட்டு, மறுபக்கம் நாயின் ரத்தத்தை எடுத்துத் திரும்புகிற வழிக்கு ஏற்பாடா என்று உறுத்தியது. எடுக்க வேண்டாம் என்றுதான் எனக்குத் தோன்றியது.

இரண்டு நாள் கழித்து அவளே சொன்னாள்: "எடுத்துடுங்க. நாளைக்கு ஊர் பிடிக்கலைன்னா, நாயாலதான் போக முடியலைன்னு யாரும் அது மேல பழி போடக் கூடாது. இருந்தா, இருக்கணும்னு நினைச்சு இருக்கணும்."

எடுத்தோம். தேறிவிட்டான்.

2022 ஜூனில் கிளம்பினோம். புறப்படும் வாரம் அரசு கால்நடை மருத்துவரின் சான்றிதழ், கூண்டில் பழைய பனியன் ஒன்று, கிண்ணத்தில் உறைய வைத்த தண்ணீர். விமானத்தின் அடியில் நாய்கள் போகும் பகுதியிலும் காற்றழுத்தமும் வெப்பமும் சீராகவே இருக்கும், உயிர்ப் பிராணி இருப்பது பைலட்டுக்கும் தெரியும். இதையெல்லாம் மகளுக்குத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே வந்தேன். நள்ளிரவு தாண்டி பெங்களூருவில் இறங்கினோம். அதிகாரி சிப் எண்ணைக் காகிதத்தோடு ஒப்பிட்டு, உடம்பைத் தடவிப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். கெக்ஸ் வெளியே வந்து முதல் தூணிலேயே இந்திய மண்ணுக்கு அபிஷேகம் செய்தான்.

இப்போது ஒரு வேடிக்கை. ஜெர்மனியின் நிரந்தர வசிப்பு அனுமதி பொதுவாக ஆறு மாதம் வெளியே இருந்தால் போய்விடும். ப்ளூ கார்டு வழியாக வாங்கிய எங்களைப் போன்றவர்களுக்கு ஒரு வருடம். 2023 ஜூனில் எங்களுடையது காலாவதியானது. அன்று மாலை யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. அப்பா வந்திருந்தார், தோசை வார்த்தோம். கெக்ஸின் ரத்த முடிவு மட்டும் பாஸ்போர்ட்டில் பத்திரமாக இருக்கிறது. வருடா வருடம் ஊசி தேதி தவறாமல் நான்தான் கூட்டிப்போகிறேன். தெருவுக்குத் தெரு நாய் இருக்கும் ஊரில் அதை எப்படியும் போடத்தான் வேண்டும்.

ஆகவே, கிளம்பும் நண்பர்களே, சிப், ஊசி, கூண்டு, சான்றிதழ் எல்லாம் வரிசையாகச் செய்தால் நடந்துவிடும். ரத்தம் எடுப்பதா வேண்டாமா என்பதை மட்டும் வீட்டில் உட்கார்ந்து பேசிவிட்டு டாக்டரிடம் போங்கள். அது நாயைப் பற்றிய பேச்சாக மட்டும் இருக்காது.