முதுகில் பை, கையில் வேலை!

ஜெர்மனியில் படிக்கிற பிள்ளைகளுக்குக் கோடை விடுமுறை என்றால் நம் ஊர் மாதிரி பாட்டி வீடு, மாங்காய், மத்தியானத் தூக்கம் என்று நினைத்துவிடாதீர்கள். ஜூலையில் பரீட்சை முடிந்ததும் ஒரு மாதம் போல எங்காவது வேலை பார்ப்பார்கள். அப்புறம் முதுகில் ஒரு பையை மாட்டிக்கொண்டு ஊர் சுற்றக் கிளம்பிவிடுவார்கள். இடையில் காலேஜுக்கு எழுதிக் கொடுக்கவேண்டிய கட்டுரையையும் முடிப்பார்கள். படிப்பு, வேலை, பிரயாணம் மூன்றும் ஒரே கோடையில்!

2025 கோடையில் என் மகளும் இப்படித்தான் இருந்தாள். இங்கே திருப்பூரில் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் நான். பிள்ளையை வெளிநாட்டுக்கு அனுப்பப் போகும் அம்மாக்களுக்கு உதவுமே என்றுதான் இதை எழுதுகிறேன்.

என் கணவர் எக்ஸ்போர்ட் கம்பெனிகளுக்குத் தைத்துக் கொடுக்கும் சின்ன ஜாப் ஒர்க் யூனிட் நடத்துகிறார். மகள் படிப்பது ராய்ட்லிங்கன் என்ற ஊரில். 1855-லேயே நெசவுப் பள்ளி தொடங்கிய ஊர் அது. அந்தப் பள்ளிதான் வளர்ந்து இன்றைக்குப் பெரிய கல்லூரியாகியிருக்கிறது. வீட்டுப் பத்திரத்தை பாங்கில் வைத்துத்தான் அனுப்பினோம்.

அங்கே வெளிநாட்டு மாணவர்கள் வருஷத்துக்கு 140 முழு நாள், அல்லது 280 அரை நாள் வேலை செய்யலாம் என்று சட்டமே இருக்கிறது. மணிக்கு 12.82 யூரோவுக்குக் குறையாமல் கூலி தரவேண்டும் என்பது 2025-ஆம் வருஷத்துச் சட்டம். அப்போது ஒரு யூரோ சுமார் நூறு ரூபாய். கணக்குப் போட்டுப் பார்த்த எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் என்ன வேலை என்று கேட்டதும் முகம் சுருங்கிவிட்டது.

வீட்டிலிருந்தே ஆர்டர் கொடுத்துத் துணி வாங்குகிறவர்கள், வேண்டாம் என்று திருப்பி அனுப்புவார்கள் இல்லையா? அந்தத் துணியெல்லாம் வந்து குவிகிற குடோனில் வேலை. கவரைப் பிரித்து, கறை இருக்கிறதா, தையல் விட்டிருக்கிறதா என்று பார்த்து, மறுபடி மடித்துக் கவரில் போட வேண்டும். அட, இது நம்ம செக்கிங் வேலை! கல்யாணத்துக்கு முன் பனியன் கம்பெனியில் ஆறு வருஷம் நான் பார்த்த அதே வேலை.

"ஏனுங்கக்கா, துணி மடிக்கறதுக்கா அத்தனை தூரம் அனுப்பி வெச்சீங்க? இங்கயே மடிச்சிருக்கலாமுங்களே!" என்று சிரித்தாள் பக்கத்து வீட்டுப் பெண். எனக்குச் சுருக்கென்றது.

ஆனால் முதல் வாரமே மகளிடமிருந்து போன். "அம்மா, எட்டு மணி நேரம் நிக்கறேன். கால் ரெண்டும் கெஞ்சுது. நீ எப்படிம்மா சமாளிச்சே?"

படிப்பு விஷயத்தில் அவளுக்குச் சொல்லித்தர எனக்கு ஒன்றுமில்லை. இது எனக்குத் தெரிந்த பாடம்! "காலுக்கடியில சின்னப் பலகை ஒண்ணு போட்டு, ஒவ்வொரு காலா மாத்தி மாத்தி வை சாமி. அட்டைப்பெட்டியை மடிச்சுப் போட்டு அது மேல நில்லு. தண்ணி குடிக்காம இருந்துடாதே. ராத்திரி காலைத் தலையணை மேல உசத்தி வெச்சுப் படு" என்றேன். நாலு நாளில் வலி குறைந்துவிட்டது. கூட வேலை செய்த பெண்களுக்கும் சொல்லிக் கொடுத்தாளாம்!

திரும்பி வரும் துணியைப் பற்றியே கட்டுரையும் எழுத ஆரம்பித்தாள். கிழிசலும் கறையும் கொஞ்சம்தானாம். அளவு சரியில்லை என்று வருவதுதான் அதிகமாம். "அப்பாகிட்டச் சொல்லும்மா, அளவு அரை அங்குலம் தப்பினா அது கடல் தாண்டித் திரும்பி வரும்" என்றாள். அவர் அன்றிலிருந்து டேப்பைக் கழுத்திலிருந்து இறக்குவதே இல்லை.

இப்படி நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் இடி விழுந்தது. ஆகஸ்ட் 27-ஆம் தேதியிலிருந்து அமெரிக்கா நம் நாட்டுச் சரக்குக்கு 50 சதவீதம் வரி போட்டது. திருப்பூரே ஆடிப்போயிற்று. எங்களுக்கு ஆர்டர் கொடுத்துக்கொண்டிருந்த கம்பெனி, கட்டிங் போட்டதைத் தவிர மற்றதை நிறுத்தச் சொல்லிவிட்டது. பாதி மெஷின் உறை போட்டு நின்றது.

செய்தி தெரிந்ததும் மகள், "நான் டூர் போகலைம்மா. அந்தக் காசை அனுப்பறேன், வட்டி கட்டுங்க" என்றாள். அவள் தனியாக ஊர் சுற்றுவது முதலிலிருந்தே எனக்குப் பிடிக்கவில்லை. நல்லதாகப் போயிற்று என்று விட்டிருக்கலாம். ஆனால் வெறுங்காலில் நின்று சம்பாதித்த காசு அது. "வட்டியை நாங்க பாத்துக்கறோம். ஏலச்சீட்டுப் பணம் இருக்குது. வட்டி மாசாமாசம் வரும், இருபத்திமூணு வயசு மறுபடி வராது. போயிட்டு வா கண்ணு" என்றேன். என் கணவர் ஒன்றும் பேசாமல் தலையை மட்டும் ஆட்டினார்.

அனுப்புவது என்று முடிவானபின் பயந்துகொண்டிருந்தால் ஆகுமா? உட்கார்ந்து ஏற்பாடு செய்தோம். கேரளத்துப் பெண் ஒருத்தி, தஞ்சாவூர்ப் பெண் ஒருத்தி, இவள் என்று மூன்று பேர். 2025-ல் 58 யூரோவுக்கு ஒரு டிக்கெட் எடுத்தால் ஒரு மாதம் முழுக்க ஜெர்மனியின் சாதாரண ரயில்களிலும் டவுன் பஸ்களிலும் போக முடிந்தது. தங்குவதற்கு இளைஞர் விடுதிகள். 1909-ல் ரிச்சர்ட் ஷிர்மன் என்ற பள்ளி ஆசிரியருக்கு, மாணவர்களோடு நடைப்பயணம் போய் மழையில் மாட்டிக்கொண்டபோது தோன்றிய யோசனையாம் இது. இன்று உலகம் முழுவதும் இருக்கிறது. பெண்களுக்குத் தனி அறை கேட்டு வாங்கலாம். இருட்டுவதற்குள் விடுதிக்குப் போய்விட வேண்டும், போனதும் எனக்கு ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும் என்பது எங்கள் ஒப்பந்தம்.

உல்ம் நகரில் 161 மீட்டர் உயரத் தேவாலயக் கோபுரம் பார்த்தார்கள். போடன் ஏரிக்கரையில் பருப்புப் பொடி சாதம் சாப்பிட்டார்கள். கடைசியாக ஆல்ப்ஸ்டட் என்ற ஊரில் டைல்ஃபிங்கன் என்ற பகுதிக்குப் போனார்கள். நம்ம ஊர் நிட்டிங்காரர்களுக்குத் தெரிந்த மேயர் மெஷின் கம்பெனி 1905-ல் பிறந்த இடம். அங்கே பின்னலாடைக்கென்றே ஒரு மியூசியம் இருக்கிறது!

"அம்மா, இதுவும் ஒரு திருப்பூரா இருந்திருக்கு. எங்க பாத்தாலும் பனியன், ஜட்டி கம்பெனிதானாம். வெளிநாட்டுச் சரக்கு குறைஞ்ச விலைக்கு வர வர, ஒண்ணொண்ணா மூடிட்டாங்க. இப்ப அந்தப் பழைய மெஷினெல்லாம் கண்ணாடிக்குப் பின்னாடி நிக்குது."

என் கணவர் போனை வாங்கி அரைமணி நேரம் பேசினார். ஒரு மாதமாக யாரிடமும் அவர் அத்தனை பேசியதில்லை. ஒரே நாட்டை, ஒரே சரக்கை நம்பியிருக்கக்கூடாது என்று அப்பாவும் பெண்ணும் ஏதேதோ யோசனை சொல்லிக்கொண்டார்கள். நம்ம ஊர் மெஷின் கண்ணாடிக்குப் பின்னால் போகக்கூடாது என்பதுதான் இப்போது இருவருக்கும் ஒரே பேச்சு.

துணி மடிப்பது கேவலமா சகோதரிகளே? ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் ரயிலேறி வந்து நம்ம ஊர் ஹாஸ்டல்களில் தங்கி வேலை செய்யும் பெண்களை நினைத்துப் பாருங்கள். அவர்களுக்கும் எங்கோ ஒரு அம்மா போனைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருப்பாள். இப்போதெல்லாம் எங்கள் யூனிட்டில் செக்கிங் டேபிள் எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு பலகை கிடக்கிறது.

உங்கள் பிள்ளையும் கிளம்பினால் இதையெல்லாம் கவனியுங்கள். பை, தூக்கி நடக்கிற கனம்தான் இருக்க வேண்டும். வீட்டிலேயே மாட்டிக்கொண்டு மாடிப்படி ஏறிப் பார்க்கச் சொல்லுங்கள். பாஸ்போர்ட் நகல் ஒன்று உங்களிடமும் இருக்கட்டும். இன்ஷூரன்ஸ் அட்டை எப்போதும் கூடவே இருக்க வேண்டும். வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரை இருந்தால் டாக்டர் சீட்டோடு கொடுத்தனுப்புங்கள். மாதவிலக்குக்கு வேண்டியது பையின் மேலேயே இருக்கட்டும். ஐரோப்பாவில் ஆபத்துக்கு அழைக்கும் எண் 112. மனப்பாடமாகத் தெரிய வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஜெர்மனியில் கடைகள் பெரும்பாலும் அடைத்திருக்கும். சனிக்கிழமையே சாப்பாட்டுக்கு வாங்கி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

அப்புறம், தைரியமாக அனுப்புங்கள்.