நான்கு மாலுக்குள்

காலை ஏழு மணி. சாத்தூருக்குத் தெற்கே, நான்குவழிச் சாலையிலிருந்து ஒரு மண்பாதை பிரிகிறது. முனையில் வேப்பமரம். மரத்தில் கம்பியால் கட்டிய தகரம். ‘இடம் விற்பனைக்கு. 9 ஏக்கர்.’ கீழே கைபேசி எண். கடைசி இரண்டு இலக்கங்கள் வெயிலில் வெளுத்திருக்கின்றன.

உள்ளே கரிசல். வெடிப்புக்குள் விரல் நுழையும். நடுவில் மட்டும் நிறம் வேறு. ஆற்று மணல் பரப்பிய வட்டம். கரிசல் நனைந்தால் குளம்பில் அப்பிக்கொள்ளும். காய்ந்தால் வெடித்துக் காலை இடறும். அதனால் மணல்.

வட்டத்துக்கு அப்பால் பந்தயக் குதிரைகளைப் பழக்கும் நீண்ட தடம். இரண்டு முனையிலும் எல்கைக் கல். சுண்ணாம்பு உதிர்ந்திருக்கிறது. பக்கத்தில் சிமெண்டு மேடை. மைக் கட்டிய கம்பத்தில் ஒரு காகம். மேடைச் சுவரில் பெயிண்ட் எழுத்து: ‘பெரிய குதிரை, நடுக் குதிரை, சின்னக் குதிரை.’

ஓட்டு லாயம். ஆறு தடுப்புகள். ஐந்து காலி. ஒன்றில் பந்தய வண்டியின் சக்கரம் சாய்ந்திருக்கிறது. இன்னொன்றில் கோழி அடைகாக்கிறது. ஆறாவதில் ஒரு பெட்டைக் குதிரை. கத்தியவார் இனம். காது நுனிகள் உள்ளே வளைந்து ஒன்றையொன்று தொடுகின்றன. அந்தியூர் குருநாதசுவாமி கோயில் ஆடிச் சந்தையில் வாங்கியது.

முதியவர் வாளியோடு வருகிறார். இரவெல்லாம் ஊறிய கொள்ளு. குதிரை தலையைத் தாழ்த்துகிறது. கொள்ளுத் தொட்டிக்கு அடியில் பழைய செய்தித்தாள். 2024 செப்டம்பர். கிண்டி பந்தயத் திடலின் 160 ஏக்கரை அரசு எடுத்துக்கொண்ட செய்தி. ஓரம் ஈரத்தில் ஊறியிருக்கிறது.

எட்டரைக்குக் கார் வருகிறது. மூன்று பேர் இறங்குகிறார்கள். புரோக்கர் கையில் காராச்சேவுப் பொட்டலம். வெள்ளை வேட்டிக்காரரிடம் முதலில் நீட்டுகிறார். பிறகு அவருடைய மருமகனிடம்.

“ரோட்டுக்கு ரெண்டே நிமிசம், அண்ணாச்சி.”

“தண்ணி?”

“கெணறு இருக்கு. கோடையிலயும் வத்தாது.”

“வில்லங்கம்?”

“முப்பது வருசத்துக்குப் போட்டுப் பாத்தாச்சு. சுத்தம்.”

மருமகன் கைபேசியில் திசைகாட்டியைத் திறக்கிறார். ஈசானி மூலையைத் தேடி நடக்கிறார். லாயத்தருகே நிற்கிறார். குதிரை நிமிர்ந்து பார்க்கிறது. அதன் நெற்றியில் ஒற்றைச் சுழி. சந்தையில் குதிரை வாங்க வருபவர்கள் முதலில் சுழி பார்ப்பார்கள். மருமகன் மூலையைக் குறித்துக்கொண்டு திரும்புகிறார்.

பத்திர நகல் காரின் மேல் விரிகிறது. வடக்கே பொதுப்பாதை. கிழக்கே ஓடை. தெற்கிலும் மேற்கிலும் பட்டா நிலம். இந்த நான்கு மாலுக்குள் கிணறு 1, ஓட்டுக் கட்டடம் 1, வேம்பு 4. விரல் வரிக்கு வரி இறங்குகிறது. மணல் வட்டத்துக்கு வரி இல்லை.

வேட்டிக்காரர் வட்டத்துக்குள் இறங்குகிறார். செருப்பால் மணலைக் கிளறுகிறார். ஒரு பிடி அள்ளி விரலிடுக்கில் ஒழுக விடுகிறார்.

“இது எத்தனை லோடு வரும்?”

புரோக்கர் விரல் மடக்கி எண்ணுகிறார்.

வடமேற்கே, சிவகாசிப் பக்கம், தூரத்தில் ஒரு வெடிச்சத்தம். மருமகன் திரும்பிப் பார்க்கிறார். காகம் பறக்கிறது. முதியவரின் கை தானாகக் குதிரையின் கழுத்துக்குப் போகிறது. குதிரையின் ஒரு காது மட்டும் அந்தப் பக்கம் திரும்புகிறது. மீண்டும் பழைய இடத்துக்கு வருகிறது.

அளவு நாடா வட்டத்தின் குறுக்கே ஓடுகிறது. நடுவில் ஒரு முளைக்குச்சி அடிக்கிறார்கள். அதில் சிவப்புத் துணி. மூவரும் கைகுலுக்கிக்கொள்கிறார்கள்.

“தை பொறந்ததும் முடிச்சிரலாம், அண்ணாச்சி.”

கார் புழுதி கிளப்பிப் போகிறது. காராச்சேவுப் பொட்டலம் எல்கைக் கல்லின் மேல் கிடக்கிறது. எறும்புகள் ஏறுகின்றன.

முதியவர் குதிரையை அவிழ்த்து வருகிறார். நீளக் கயிறு. எப்போதும் நிற்கும் இடத்தில் நிற்கிறார். அங்கே குச்சி நிற்கிறது. அரையடி தள்ளி நின்றுகொள்கிறார். நாக்கால் ஒரு சொடுக்கு. குதிரை கிளம்புகிறது.

வலப்பக்கம் பத்துச் சுற்று. இடப்பக்கம் பத்துச் சுற்று. வட்டத்தின் ஓரத்தில் செருப்புத் தடங்கள் குளம்படியில் மறைகின்றன.

குதிரையைக் கட்டிவிட்டுப் பலகையால் மணலை மட்டம் செய்கிறார். குச்சியைச் சுற்றி வளைத்து இழுக்கிறார்.

பொழுது சாய்கிறது. அடுப்படியில் படியை எடுக்கிறார். ஒரு படி கொள்ளு. தலை தட்டி, வாளியில் கொட்டி, தண்ணீர் ஊற்றுகிறார். நாளைக்கு.