செக் இன்ஜின் லைட்டும் அப்பாவோட நாலாயிரம் ரூபாயும்

"மெக்கானிக்கல் தானே படிக்கிற, என்னன்னு பாரு" – வீட்டுல இதைக் கேட்காத மெக் பசங்க உங்கள்ல யாராவது இருக்கீங்களா?

எனக்கு அது போன செமஸ்டர் லீவுல வந்தது. அப்பா வாடகைக்கு ஓட்டுற பழைய பெட்ரோல் கார். செக் இன்ஜின் லைட் எரியுது, சிக்னல்ல நின்னா வண்டி நடுங்குது. ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கிற 16 பின் ஓபிடி சாக்கெட்ல ப்ளூடூத் ஸ்கேனரைச் சொருகினேன். பி1-ல ஆரம்பிக்கிற ஒரு கோடு. "மேனுஃபாக்சரர் ஸ்பெசிஃபிக்"னு சொல்லிட்டு ஆப் கையை விரிச்சிடுச்சு.

இங்கதான் கவனிக்கணும். இரண்டாவது இடத்துல 0 இருந்தா எல்லா கம்பெனிக்கும் பொது. பி0300 எந்தக் காரிலும் மிஸ்ஃபயர்தான். 1 இருந்தா அர்த்தத்தை முடிவு பண்றது அந்தந்த கம்பெனி. உதாரணமா, ஹோண்டாவில் பி1259 என்றால் விடெக் கோளாறு. அதே எண் இன்னொரு கம்பெனியில வேற எதையாவது குறிக்கலாம்.

எனக்கு அப்போ இது தெரியாது. காரோட பெயரை விட்டுட்டு எண்ணை மட்டும் தேடினேன். முதல்ல வந்த விளக்கத்தை நம்பி ஒரு வால்வைத் தேடி அரை நாள் பானட்டுக்குள்ள தலையை விட்டேன். அந்த வால்வே நம்ம இன்ஜின்ல கிடையாது!

அப்புறம் சரியான பட்டியல் கிடைச்சது: "ஆக்சிஜன் சென்சார், கலவை லீன்." உடனே சென்சார் போச்சுன்னு முடிவு பண்ணிட்டேன். அப்பா எண்ணிக் கொடுத்தது நாலாயிரம். மாட்டின மூணாவது நாள் லைட் மறுபடி எரிஞ்சது. அப்பா திட்டலை. மறுநாள் ஏர்போர்ட் சவாரியை வேற ஒருத்தருக்குக் கொடுத்துட்டு வீட்டுல உட்கார்ந்தார். திட்டியிருந்தாக் கூட தேவலை.

கடைசியில தெருமுனை ஒர்க்‌ஷாப் அண்ணன்கிட்ட போனோம். அவர் கேட்டது ஒண்ணுதான்: "சென்சார் பொய் சொல்லுதுன்னு யாரு தம்பி சொன்னா?"

என் போன்லயே லைவ் டேட்டாவைத் திறக்கச் சொன்னார். ஐடிலிங்ல ஃப்யூயல் ட்ரிம் பிளஸ் 22 சதவீதம். 2500 ஆர்பிஎம்முக்கு ஏத்தினதும் 6-க்கு இறங்கிடுச்சு. அதாவது எங்கேயோ கணக்குல வராத காத்து உள்ளே போகுது. ஐடிலிங்ல இன்ஜின் இழுக்கிற காத்தே கொஞ்சம்தான், அதனால அந்தத் திருட்டுக் காத்து பெருசாத் தெரியும். ரேஸ் பண்ணினா மொத்தக் காத்துல அது கரைஞ்சிடும். இன்டேக் மேனிஃபோல்டுக்குப் பின்னாடி விரலை விட்டார். வெடிச்ச வேக்கம் ஹோஸ். புதுசு 150 ரூபாய்.

சென்சார் முதல் நாள்லேர்ந்தே உண்மையைத்தான் சொல்லிட்டு இருந்தது. நான்தான் அதைக் கழட்டிப் போட்டேன்.

அதனால நண்பர்களே, பி1 வந்தா முதல்ல உங்க கார் கம்பெனியோட பட்டியலைப் பாருங்க. கோடு காட்டுறது அறிகுறியை, மாத்த வேண்டிய பாகத்தை இல்ல. காசு எடுக்குறதுக்கு முன்னாடி லைவ் டேட்டாவைப் பாருங்க.

அந்தப் பழைய சென்சார் இன்னும் வண்டி டிக்கியிலதான் இருக்கு. "ஸ்பேரா இருக்கட்டும்டா"ன்னு அப்பா சொல்லிட்டார்.