தொட்டியில் குமிழி, காட்டில் களைவெட்டு

தேக்கிவைத்த தண்ணீருக்குள் காற்றுக் குமிழி விட்டால் வேர் செழிக்கும் என்ற பேச்சு, மாடித்தோட்டக்காரர்களிடமிருந்து மெல்ல நகர்ந்து காட்டுக்காரர்களிடமும் வந்து சேர்ந்திருக்கிறது. அதை மனத்தில் வைத்துக்கொண்டுதான் சாத்தூர், வெம்பக்கோட்டைப் பக்கத்துக் கரிசல் காடுகளைப் பார்த்தேன். பேச்சின் முதல் பாதி உண்மை. வேருக்கும் மூச்சு உண்டு. ஆக்சிஜன் இல்லாவிட்டால் அதனால் தண்ணீரைக்கூட இழுக்க முடியாது. பட்டாசைக் காயவைக்கும் இந்த ஊர் வெயிலில் தொட்டித் தண்ணீர் சூடேறச் சூடேற அதில் கரையும் ஆக்சிஜனும் குறைகிறது: 20 பாகையில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் அளவுக்குக் கரைவது, 40 பாகையில் ஆறரைக்கு இறங்கிவிடுகிறது. பாசி பிடித்து நாறும் தொட்டியில் அதுவும் இருக்காது. பிசகு இரண்டாவது பாதியில்தான். குமிழி விட்டு லிட்டருக்கு 4 மில்லிகிராம் கூட்டினோம் என்றே வைத்துக்கொள்வோம். வெறும் 15 மில்லி காற்றில் அவ்வளவு ஆக்சிஜன் இருக்கிறது. இருமல் மருந்து மூடியில் பிடிக்கும் காற்று. வேர் மூச்சு விடுவது தண்ணீரில் கரைந்து வரும் காற்றை நம்பியல்ல, மண்ணின் துளைகளில் இருக்கும் காற்றை நம்பி. அந்தத் துளைகளைத் தண்ணீர் அடைத்துக்கொண்டால் ஆக்சிஜன் ஊடுருவும் வேகம் ஏறத்தாழ பத்தாயிரத்தில் ஒரு பங்காகிவிடும்.

ஆகவே வேருக்குக் காற்று கொடுப்பது தொட்டி வேலை அல்ல, மண் வேலை. கரிசல் நனைந்தால் உப்பித் துளைகளை மூடிக்கொள்ளும், காய்ந்தால் வெடித்துத் திறக்கும். இதைக் கைப்பழக்கத்தில் வைத்திருப்பவர்கள் ஆயக்கட்டில் மடை திறந்து அடைக்கும் நீர்ப்பாய்ச்சிகளும், களைக்கொத்தியோடு பாத்திக்குள் குனியும் பெண்களும். ‘காய்ச்சலும் பாய்ச்சலும்’ என்று இவர்கள் சொல்வதில் காய்ச்சல்தான் முதலில் வருகிறது. மண்ணைக் கையில் எடுத்து உருட்டிப் பார்த்துப் பதம் சொல்கிறார்கள்; மேல்மண் வெளுத்த பிறகே அடுத்த தண்ணீர். மழை அடித்து இறுகிய மேல்பொறுக்கைக் களைக்கொத்தி உடைக்கும்போது களை போவது பாதிப் பயன்தான். மண் திறப்பது மறுபாதி. மிளகாய்ச் செடிக்கு மண் அணைத்து மேடாக்குவதும் வேரைத் தேக்கத்துக்கு மேலே தூக்கிவைக்கத்தான். (பாண்டிநாட்டுக் கண்மாய்கள் சிலவற்றில் உள்ள குமிழித்தூம்பின் பெயரைச் சொல்லி, முன்னோர் அன்றே நீருக்குக் காற்றூட்டினார்கள் என்று பெருமை பேச இடமுண்டு. நீரையும் சேற்றையும் தனித்தனித் துளைகளில் வெளியேற்றச் செய்த அமைப்பு அது. அந்தப் பெருமையே போதும்.)

மறுப்புகள் இல்லாமல் இல்லை. ஆஸ்திரேலியாவில் மத்திய குயின்ஸ்லாந்துப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கனத்த களிமண்ணில் காற்றேற்றிய நீரைப் பாய்ச்சி, பருத்தியிலும் சோயாவிலும் விளைச்சல் கூடியதாக 2004-இல் எழுதினார்கள். நம் கரிசலுக்கு நெருக்கமான மண், நெருக்கமான பயிர், தள்ளிவிட முடியாது. ஆனால் அது மண்ணுக்கடியில் புதைத்த சொட்டுநீர்க் குழாயில் ஓடும் நீரோடு காற்றையே உள்ளே அனுப்பிய முறை. காற்று வேர் மண்டலத்துக்கே போகிறது. தொட்டியில் விட்ட குமிழி தொட்டியிலேயே உடைந்துவிடும். அந்தச் சோதனை என் கட்சிக்குத்தான் சாட்சி: களிமண்ணுக்குள் காற்று குறைவு, அதை அங்கேயே கொண்டுபோக வேண்டும். மண்ணே இல்லாமல் நீரில் வளர்க்கும் கீரைக்கு நீரில் கரைந்த காற்றுதான் கதி. அங்கே குமிழி மோட்டார் அவசியம். இரும்புச்சத்துள்ள ஆழ்துளைக் கிணற்று நீரைக் காற்றாடவிட்டால் இரும்பு தொட்டியிலேயே படிந்து, சொட்டுவாய் அடைப்பது குறையும். அதற்கும் பெரிய செலவு வேண்டாம், விழும் குழாயை உயர்த்திக் கட்டினால் பாதி வேலை முடிந்தது.

‘களைவெட்ட ஆள் எங்கே?’ என்பதுதான் பதில் சொல்லக் கடினமான மறுப்பு. பட்டாசு ஆலை வேன் ஊர் ஊராக வந்து காலையிலேயே ஆளேற்றிக்கொண்டு போய்விடுகிறது. நிழலில் உட்கார்ந்து செய்யும் வேலைக்கு, ஆபத்து இருந்தும், போகிறவர்களைக் குறைசொல்ல முடியாது. களைவெட்டுக் கூலியை ஆலைக் கூலிக்குப் பக்கத்திலாவது கொண்டுபோகாமல் அவர்களைத் திரும்பக் கூப்பிடவும் முடியாது. அந்த இடத்தில் இப்போது களைக்கொல்லி தெளிக்கிறார்கள். புல் சாகிறது. மேல்பொறுக்கு உடையாமல் அப்படியே கிடக்கிறது.