கூல்டிரிங்க்ஸ் கேனில் ஒரு ஸ்பிரிட் அடுப்பு

போன தடவை ஜிஎஸ்டி பற்றி எழுதியதைப் படித்துவிட்டு "தூக்கம் வருதுல" என்று சொன்ன வகுப்புத் தோழர்களுக்காக, இந்தத் தடவை நெருப்பு.

முதுகில் பையை மாட்டிக்கொண்டு மலையேறுகிறவர்கள் ஸ்பிரிட் அடுப்பு என்று ஒன்று வைத்திருப்பார்கள். பள்ளிக்கூட லேபில் பார்த்த ஸ்பிரிட் விளக்கின் பெரியப்பா மகன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்வீடனின் ட்ராஞ்சியா கம்பெனி 1951-லேயே காற்றுத் தடுப்பு, பாத்திரம் எல்லாம் சேர்த்து ஒரு செட்டாகக் கொண்டுவந்துவிட்டது. பம்ப் கிடையாது, சிலிண்டர் கிடையாது, ரிப்பேர் ஆவதற்கும் ஒன்றுமில்லை. அதையே காலி கேனில் நாமே செய்யலாம்.

நண்பர்கள் நாலு பேர் சதுரகிரிக்குத் திட்டம் போட்டு, "மாப்ள, நீ அடுப்பை ரெடி பண்ணு, மேல போய் சுக்குக்காப்பி போடுவோம்" என்றார்கள். சரி, செய்துதான் பார்ப்போமே!

இரண்டு அலுமினியக் கேன்களின் அடிப்பகுதியை மூன்றரை செ.மீ. உயரத்துக்கு வெட்டிக்கொண்டேன். ஒன்றின் நடுவட்டத்தை எடுத்துவிட்டு, அதன் விளிம்பில் ஊசியால் 16 ஓட்டை. மிச்சத் தகட்டை வளையமாகச் சுருட்டி, அடியில் மூன்று சின்ன வெட்டுப் போட்டு உள்ளே நிறுத்தி, ஒரு பாதியை இன்னொரு பாதிக்குள் அழுத்தினால் அடுப்பு ரெடி. நடுவில் ஊற்றிய ஸ்பிரிட் சூடாகி, வளையத்துக்கும் வெளிச்சுவருக்கும் இடையில் ஆவியாகி, ஓட்டை வழியாக வந்து எரியும். அவ்வளவுதான் தத்துவம்.

எங்கே பற்ற வைப்பது? அங்கேதான் சிக்கல். என் அம்மா பயர் ஆபீஸில் வேலை பார்க்கிறார். (வெளியூர் நண்பர்களுக்கு: எங்கள் பக்கம் பட்டாசு ஆலை என்றால் பயர் ஆபீஸ், தீப்பெட்டி ஆலை என்றால் தீப்பெட்டி ஆபீஸ். நாங்களும் ஆபீஸ் போகிற குடும்பம்தான்!) சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது சேலையில் அலுமினியப் பவுடர் மினுங்கும். கேனைப் பார்த்ததும் கேட்டார்: "ஏய்யா, நாங்க செல்போனைக்கூட வெளிய வச்சிட்டுத்தான் உள்ள போறோம். நீ வீட்டுக்குள்ள ஸ்பிரிட்டைக் கொளுத்துவியா?"

பதில் சொல்ல முடியாது. 2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூர் பக்கம் அச்சங்குளத்தில் நடந்த வெடிவிபத்தில் 20 பேருக்கு மேல் இறந்தார்கள். எங்கள் ஊர்களில் உராய்வும் பொறியும் பாடப்புத்தகச் சமாச்சாரம் இல்லை.

ஆகவே டெஸ்டிங் ஆற்று மணலில். இருக்கன்குடியில் அர்ச்சுனா நதியும் வைப்பாறும் சேருகிற இடம். அம்மனுக்குப் பொங்கல் வைக்க வருகிறவர்கள் மூன்று கல் கூட்டி அடுப்பு மூட்டுகிற பூமி என்பதால் யாரும் வினோதமாகப் பார்க்கவில்லை.

எரிபொருள், மருந்துக்கடை சர்ஜிகல் ஸ்பிரிட். லேபிளில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் 70 சதவீதம். அரை லிட்டர் தண்ணீர் வைத்தேன்.

முதல் சோதனை: 30 மில்லி, காற்றுத் தடுப்பு இல்லை. 8 நிமிடத்தில் அணைந்தது. குளிக்கிற சூடுதான் ஏறியது.

இரண்டாவது: 40 மில்லி, எண்ணெய் டின்னை வெட்டிச் சுற்றி நிறுத்தினேன். 11 நிமிடத்தில் தளதளவெனக் கொதித்தது. பாத்திரத்தின் அடி மட்டும் கரி. ஐசோபுரொப்பைல் மஞ்சளாக எரியும், புகை அதிகம்.

காமர்ஸ் மாணவன் கணக்குப் போடாமல் விடுவானா? 100 மில்லி 50 ரூபாய் என்றால் ஒரு கொதிக்கு 20 ரூபாய். 14.2 கிலோ சிலிண்டர் 1,000 ரூபாய் என்று வைத்தாலும் ஒரு கிராம் 7 காசு. இதே தண்ணீருக்கு 8 கிராம் போதும், 56 காசு!

மூன்றாவது சோதனைதான் முக்கியம்: அணைப்பது. இந்த அடுப்புக்குத் திருகாணி கிடையாது. எவர்சில்வர் டம்ளரைக் கவிழ்த்து மூடினால் இரண்டு நொடியில் அணைகிறது. ஆனால் கேன் சூடாகவே இருப்பதால் ஆவி வந்துகொண்டே இருக்கும். எத்தனால், மெத்தனால் சுடர் வெயிலில் கண்ணுக்கே தெரியாது. அணைந்துவிட்டது என்று நினைத்துப் பாட்டிலைச் சாய்த்தால் தீ ஊற்று வழியே பாட்டிலுக்குள் ஏறும். முழுசாக ஆறாமல் மறுபடி ஊற்றவே கூடாது. மலிவாகக் கிடைக்கிறதே என்று மெத்தனால் பக்கமும் போகாதீர்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டவர்களைக் கொன்ற சாராயத்தில் இருந்தது அதுதான்.

இப்போது சதுரகிரிக்கு வருவோம். 2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலையில் காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் 20 பேருக்கு மேல் உயிரிழந்தார்கள். காய்ந்த புல்லில் தீ ஓடுகிற வேகத்துக்கு மனிதன் ஓட முடியாது. சதுரகிரியும் காப்புக்காடு, அங்கே தீ மூட்டத் தடை. 15 கிராம் அடுப்பும் தீதான்.

நண்பர்களிடம் சொல்லிவிட்டேன்: சுக்குக்காப்பி பிளாஸ்கில் வரும். "இதுக்காடா ரெண்டு நாளா கேனை வெட்டுன?" என்று திட்டினார்கள். திட்டட்டும். ஒரு லிட்டர் பிளாஸ்க்கைத் தூக்குகிற முறை யாருக்கு என்பதுதான் இப்போது சண்டை.

அடுப்பு என் அலமாரியில் இருக்கிறது. மிச்ச ஸ்பிரிட் வீட்டில் இல்லை. செய்து பார்க்க ஆசைப்படுகிறவர்கள் வெட்டவெளி மணலில், பகலில், மூடுவதற்கு ஒரு டம்ளரோடு செய்யுங்கள். முதலில் அணைக்கப் பழகுங்கள், கொதிக்கிற நேரத்தை அப்புறம் அளக்கலாம். யாருக்காவது 10 நிமிடத்துக்குள் கொதித்தால் சொல்லுங்கள், காற்றுத் தடுப்பை எப்படி வைத்தீர்கள் என்று தெரிந்துகொள்ள ஆசை.