விளக்கெண்ணெயும் ஆகாய விமானமும்

விளக்கெண்ணெய் என்று சொன்னவுடனேயே உங்களில் பாதிப் பேர் மூக்கைப் பிடித்துக்கொண்டிருப்பீர்கள். எனக்குத் தெரியாதா என்ன! ராசிபுரத்துக்குப் பக்கத்தில் எங்கள் அம்மாயி வீடு. கடலைக்காட்டு வரப்பில் விளைந்த கொட்டைமுத்தை வறுத்து, இடித்து, தண்ணீரில் கொதிக்கவிட்டு, மேலே மிதக்கும் எண்ணெயை அகப்பையால் வழித்தெடுப்பாள். அதைப் பாலாடையில் ஊற்றிக்கொண்டு வாசலுக்கு வந்தாளோ இல்லையோ, பேரன் பேத்திகள் அத்தனை பேரும் வைக்கோற்போருக்குப் பின்னால் ஓடி ஒளிந்துகொள்வோம்.

விமானப் பொறியியல் படிக்கும் என் பையன் விடுமுறைக்கு நாமக்கல் வந்திருந்தபோது இந்தக் கதையைச் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை. "அம்மா, முதல் உலக யுத்தத்தில் எத்தனையோ விமானங்கள் பறந்தது அந்த எண்ணெயினால்தான்" என்றான்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவன் விளக்கிய விதத்தை உங்களுக்கும் சொல்கிறேன். ஆட்டுக்கல்லில் கல் நிற்கும், குழவி சுற்றும். கிரைண்டரில் குழவி நிற்கும், கல் சுற்றும். அல்லவா? சாதாரண இன்ஜினில் சிலிண்டர்கள் நிற்கும், நடுத்தண்டு சுற்றும். பிரான்ஸ் தேசத்து ஸெகேன் சகோதரர்கள் இதைத் தலைகீழாக்கினார்கள். 1909-ல் பறக்கத் தொடங்கிய அவர்களுடைய 'நோம்' யந்திரத்தில் தண்டு அசையாது. சிலிண்டர்கள் எல்லாம் விசிறியோடு சேர்ந்து சுற்றும். 1917-ல் நம் ஹர்தித் சிங் மாலிக் ஓட்டிய 'சாப்வித் கேமல்' விமானத்திலும் இந்த ஜாதி இன்ஜின்தான்.

இதில் ஒரு சங்கடம். பெட்ரோல் ஆவி அந்தத் தண்டின் துளை வழியாகவே உள்ளே போகிறது. சாதாரணக் கனிம எண்ணெய் என்றால் பெட்ரோல் அதைக் கரைத்து நீர்க்க அடித்துவிடும். விளக்கெண்ணெயோ பெட்ரோலோடு எளிதில் ஒட்டாது. அதில் பெரும்பகுதியாக உள்ள ரிஸினோலிக் அமிலம் செய்யும் வேலை அது. நம் வயிற்றைக் கலக்குவதும் அதே அமிலந்தான்! உள்ளே போன எண்ணெய் திரும்பி வராது. புகையோடு புகையாக வெளியே தெறிக்கும். விமானியின் முகமெல்லாம் எண்ணெய். அதைச் சுவாசித்து, வானத்திலேயே பேதி கண்ட கதையை அந்நாளைய விமானிகள் கதை கதையாகச் சொல்லியிருக்கிறார்கள். பாவம், அவர்களுக்கு ஒளிந்துகொள்ள வைக்கோற்போர்கூடக் கிடையாது!

எங்கள் வீட்டுக்காரர் லாரித் தொழில் செய்கிறவர். சாப்பிட்டுக்கொண்டே கேட்டவர், "அத்தனை எண்ணெயும் வீணா?" என்றார். அவர் கேட்டதில் ஒரு வலி இருந்தது. மூன்று வருஷத்துக்கு முன் எங்கள் லாரி ஒன்று நாகபுரி ரோட்டில் நின்றுபோயிற்று. அடியில் கல் பட்டு ஆயில் கசிந்ததை யாரும் கவனிக்கவில்லை. இன்ஜின் அப்படியே பிடித்துக்கொண்டது. அதைச் சரிசெய்ய என் வளையல் நான்கும் அடகுக்குப் போயின. இரண்டுதான் திரும்பி வந்திருக்கின்றன.

பையன் செய்துகொண்டிருந்த காரியமும் எண்ணெய்ச் சமாசாரந்தான். இக்காலச் சுழல் இன்ஜின் வேறு மாதிரி. ஜெர்மனியின் பெலிக்ஸ் வான்கெல் கண்டது. 1957-ல் முதன்முதலாக ஓடியது. உள்ளே சமோசாவைப் போல முக்கோணமாக ஒன்று சுழலும். அதன் மூன்று முனைகளிலும் மெல்லிய தகடுகள் சுவரை உராய்ந்துகொண்டே போகும். அங்கே எண்ணெய் இல்லையென்றால் தகடு தேயும். அப்புறம் பலம் போய்விடும். சின்ன உருவம், குறைந்த எடை, அதிர்வும் அதிகமில்லை என்பதால் ஆளில்லா விமானத்துக்கு இது ஏற்றது. 2009 ஏப்ரல் 5-ஆம் தேதி கோலார் அருகே 'நிஷாந்த்' என்னும் ஆளில்லா விமானம், நம் நாட்டிலேயே செய்த 55 குதிரைசக்தி வான்கெல் இன்ஜினோடு பறந்தது.

பையனும் அவன் தோழர்களும் ஒரு சிறு வான்கெல் இன்ஜினை எங்கள் பட்டறையில் ஸ்டாண்டில் ஏற்றியிருந்தார்கள். அதில் எண்ணெயைப் பெட்ரோலிலேயே கலந்து ஊற்றுவது வழக்கம். விமானம் இறங்கும்போது பெட்ரோலைக் குறைத்தால், இன்ஜின் வேகமாகச் சுற்றிக்கொண்டிருந்தாலும் எண்ணெயும் கூடவே குறைந்துவிடும். ஆகவே தனித் தொட்டி, தனிப் பம்பு வைத்து, வேகத்துக்குத் தக்கபடி அளந்து கொடுக்க உத்தேசம்.

இவர் கையைக் கழுவிவிட்டு வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"ஏந் தம்பி, கலந்து ஊத்தினா பெட்ரோல் வர்ற மட்டும் எண்ணெயும் வரும். தனியாப் பிரிச்சுட்டா, எண்ணெய் நின்னாலும் இன்ஜின் ஓடுமே! நின்னு போச்சுன்னு உனக்கு யார் சொல்றது?"

பையன் வாயடைத்துப் போனான்.

"எங்க லாரி நின்னா ரோட்டோரம் நிக்கும். உன்னுது எங்கப்பா நிக்கும்?"

அன்று சாயங்காலமே பித்தளைக் குழாயைக் கழற்றிவிட்டு, உள்ளே ஓடுவது தெரிகிற கண்ணாடிபோன்ற குழாயை மாட்டினார்கள். அந்தக் காலத்து விமானங்களிலும் விமானியின் முன்னால் ஒரு கண்ணாடிக் குமிழ் இருக்குமாம். அதற்குள் எண்ணெய் நாடி மாதிரி துடிக்குமாம். துடிப்பு நின்றால் ஆபத்து என்று அர்த்தம். நூறு வருஷத்துக்கு முந்திய யோசனை, இவர் எந்தப் புத்தகமும் படிக்காமலே இவருக்கு உதித்துவிட்டது பாருங்கள்!

இன்ஜினைக் கிளப்பும் முன் பம்பை மட்டும் ஓட்டினார்கள். குழாயின் நடுவில் ஒரு காற்றுக் குமிழி அசையாமல் நின்றது. பம்பு ஓடுகிறது; எண்ணெய் ஓடவில்லை! பித்தளைக் குழாயாக இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திராது. "ஏர் பிடிச்சிருக்கு" என்றார் இவர். டீசல் லாரியில் தினம் பார்க்கிற வியாதியாயிற்றே! தொட்டியைப் பம்புக்கு மேலே தூக்கி வைத்து, மூட்டைத் தளர்த்திக் காற்றை வெளியேற்றினார். எண்ணெய் துளித் துளியாக நகர்ந்தது. அப்புறந்தான் இன்ஜினைக் கிளப்பினார்கள். அது ஓடி முடிகிறவரை இவர் அந்தக் குழாயைவிட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை.

எனக்கு அம்மாயி ஞாபகம் வந்தது. பாலாடையைக் கவிழ்த்த பிறகும் விடமாட்டாள். "வாயத் தொற, முழுங்கினியா பாக்கறேன்" என்பாள். ஊற்றினால் மட்டும் போதாது, உள்ளே போயிற்றா என்று பார்க்கவும் வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

ராத்திரி பையன் தூங்கப் போகும்போது, "அம்மா, அடுத்த தடவையும் அப்பாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் கிளப்பப் போகிறேன்" என்றான். இவர் காதில் விழாதது போலத் திரும்பிப் படுத்துக்கொண்டார். மறுநாள் காலையில், நான் கேட்காமலேயே, மீதி இரண்டு வளையல்களையும் ஆடிக்குள் மீட்டுவிடலாம் என்று சொன்னார்.