அரை அங்குல நீலம்

மந்தாரக்குப்பம். ஸ்டூடியோ வாசலில் நான்கு பிளாஸ்டிக் நாற்காலிகள். உட்கார்ந்திருப்பவர்கள் ஐந்து பேர். நெய்வேலி நிலக்கரி நிறுவனத்தின் காண்ட்ராக்ட் ஆட்கள். பாஸ் புதுப்பிக்க வேண்டும். பாஸுக்குப் புதுப் படம் வேண்டும்.

சுவரில் கண்ணாடி. பக்கத்தில் நூலில் கட்டித் தொங்கும் சீப்பு. ஒருவர் முகம் கழுவிவிட்டு வருகிறார். நெற்றி சுத்தம். காது மடிப்பில் மட்டும் பழுப்புத் தூள். ஸ்டூடியோக்காரர் ஈரத்துணி நீட்டுகிறார். எந்த இடம் என்று சொல்லவில்லை. வந்தவரும் கேட்கவில்லை. நேராகக் காதைத் துடைக்கிறார்.

"மோவாயக் கொஞ்சம் இறக்கு தம்பி."

பின்னால் நீலத்துணி. ஒரு மின்னல். அடுத்தவர்.

உள்சுவரில் பெரிய படங்கள். சந்தன மாலை, சால்வை, பக்கத்தில் மனைவி. பணி ஓய்வு பெற்ற நிரந்தரத் தொழிலாளர்கள். அவர்களில் சிலர் முதல் அனல்மின் நிலையத்துக்காரர்கள். சோவியத் உதவியோடு 1962இல் ஓடத் தொடங்கிய நிலையம். 2020இல் நின்றுவிட்டது. படங்கள் ஆணியில் இருக்கின்றன.

காண்ட்ராக்ட் ஆட்களின் படம் சுவருக்கு வருவதில்லை. கணினியில் இருக்கிறது. வருடவாரியாக. ஒரே முகம், ஒரே நீலம். மீசை நரைக்கிறது. கன்னம் ஒட்டுகிறது. 2016இல் நிறுவனத்தின் பெயர் என்.எல்.சி. இந்தியா என்று மாறியது. அந்த வருடமும் மோவாய் அதே உயரத்தில்.

ஓர் இளைஞன் மடியில் நெகிழி உறை. உள்ளே பட்டா நகல். சுரங்கத்துக்குப் போன நிலம். இரண்டு படம் போதும் என்கிறான். எட்டாகத்தான் வரும். மீதியை உறைக்குள் பத்திரப்படுத்துகிறான்.

ஒரு பெண் முந்தானை முடிச்சை அவிழ்க்கிறாள். பழைய பாஸ். கணவருடையது. ஓரம் கிழிந்திருக்கிறது. படத்தின் தோளில் பாதி முத்திரை.

"பெருசாக்கணும் தம்பி. மாலை போடறதுக்கு."

ஸ்டூடியோக்காரர் திரையில் படத்தை விரிக்கிறார். முத்திரையின் ஊதா மையைப் புள்ளி புள்ளியாக அழிக்கிறார். கழுத்தருகே வந்ததும் கை நிதானமாகிறது. வாசலில் ஷிப்ட் பஸ் ஹாரன் அடிக்கிறது. திரும்பவில்லை.

"காக்கிச் சட்டையே இருக்கட்டுமா அக்கா?"

"வேண்டாம்."

திரையில் சட்டைகள் வருகின்றன. வெள்ளை. இளநீலம். சந்தன நிறம். மறுத்துத் தலையாட்டுகிறாள். கட்டம் போட்டது வருகிறது.

"இதான். இத மாதிரி ஒண்ணு வச்சிருந்தாரு."

"பத்துக்குப் பன்னண்டா, பன்னண்டுக்குப் பதினஞ்சா?"

விலை கேட்கிறாள். முடிச்சிலிருந்த நோட்டுகளை எண்ணுகிறாள்.

"பெருசே போடு."